கடை சாத்தின பிறகு யார் பதில் சொல்றது? ஒரு சின்ன வரலாறு

1/
எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் வலது பக்கம் கீழே ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து, "வணக்கம், என்ன உதவி வேணும்?" என்று கேட்கிறதே, அந்த சாட்பாட் பற்றி ஒரு நீண்ட இழை.

"இதுல டாக்டருக்கு என்ன வேலை?" என்று கேட்பீங்க. இந்தப் பெட்டியோட கதையில் ஆரம்பத்தில் இருந்தே டாக்டர்கள் நிற்கிறார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையா வாசிங்க சொந்தங்களே.

2/
மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இப்போது லேப், ஸ்கேன் சென்டர், பல் ஆஸ்பத்திரி, சேலைக்கடை, டைல்ஸ் கடை வரைக்கும் வெப்சைட் வந்தாச்சு. போட்டுக் கொடுக்கிற தம்பிகள் கூடவே ஒன்று சொல்கிறார்கள்: "அண்ணே, சாட்பாட்டும் போட்டுக்கங்க. ராத்திரி நீங்க தூங்கும்போது வர்ற கஸ்டமரையும் அது பிடிச்சு வச்சிரும்."

போடலாமா? தாராளமா போடலாம். ஆனால் அதுக்கு எந்த வேலையைக் கொடுக்கணும், எந்த வேலையைக் கொடுக்கவே கூடாது என்பதற்கு ஒரு 150 வருஷப் பாடம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போடுவோம்.

3/
போன் வருவதற்கு முன்னால் இருந்து தொடங்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் டாக்டர் வீட்டு வாசலிலும் மருந்துக்கடை வாசலிலும் "ராத்திரி மணி" என்று தனியாக ஒரு மணி தொங்கும். பகலில் வருகிறவர்கள் அதைத் தொட மாட்டார்கள். அது அடித்தால் அவசரம் என்று அர்த்தம்.

நம்ம ஊரில் மணி எல்லாம் கிடையாது. வண்டியைப் பூட்டிக்கொண்டு போய் வைத்தியர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். திண்ணையில் படுத்திருக்கிற கம்பவுண்டரோ உதவிப் பையனோ எழுந்து, "யாருக்கு? என்ன செய்யுது? எப்ப இருந்து?" என்று மூணு கேள்வி கேட்பான். பதிலைக் கேட்டுவிட்டு, காலையில் வரச் சொல்வதா, உள்ளே போய் எழுப்புவதா என்று முடிவு பண்ணுவான்.

அந்த மூணு கேள்வியையும் அந்த ஒரு முடிவையும் மனசில் வையுங்க. மீதிக் கதை முழுக்க அதுதான்.

4/
1877 வாக்கில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கேபிடல் அவென்யூ மருந்துக்கடை என்று ஒன்று. கிரகாம் பெல் போனுக்குக் காப்புரிமை வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடையில் இருந்து ஊர் டாக்டர்களுக்குக் கம்பி இழுத்தார்கள். டாக்டரைக் கூப்பிட ஆள் ஓட வேண்டாம், மருந்துக்கடைக்கு வந்தால் போதும்.

1878 ஜனவரி 15 ராத்திரி பக்கத்தில் டாரிஃப்வில் என்ற இடத்தில் பாலம் இடிந்து ரயில் ஆற்றுப் பனியில் விழுந்தது. டாக்டர்களை அந்தப் போன் மூலமாகத்தான் திரட்டினார்கள். கடை நேரம் தாண்டி வந்த அழைப்புக்குக் கம்பி வழியாகப் பதில் போன முதல் கதைகளில் இது ஒன்று.

5/
அடுத்த வருஷம், 1879. மாசசூசெட்ஸில் லோவல் நகரம். தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அங்கே எக்ஸ்சேஞ்சில் நாலே நாலு ஆபரேட்டர்கள். யார் வீட்டுக் கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்று அவர்களுக்கு மனப்பாடம். "மளிகைக்கடைக்காரருக்குப் போடுங்க" என்று பேரைச் சொன்னால் போட்டுக் கொடுப்பார்கள்.

மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற டாக்டர் யோசித்தார்: "நாலு பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் ஊர் என்ன ஆகும்? புதுசா வர்றவங்களுக்கு யார் எங்கேன்னு தெரியாதே?" ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண் கொடுங்கள் என்றார். போன் நம்பர் என்ற பழக்கம் இப்படித்தான் பிறந்தது.

ஆள் இல்லாதபோதும் வேலை நடக்கணும் என்றால், ஆளின் தலைக்குள் இருப்பதை எழுதி வைக்க வேண்டும். சாட்பாட் போடுகிறவர்களுக்கு முதல் பாடம் இது. உங்க கடையின் விலை, நேரம், வழி எல்லாம் உங்க தலையில் மட்டும் இருந்தால் எந்தப் பெட்டியும் உங்களுக்கு உதவாது.

6/
சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னை, பம்பாய், கல்கத்தாவில் 1882 ஜனவரி 28 அன்று டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் முறைப்படி திறந்தார்கள். கரிசல் காட்டுக் கிராமங்களுக்கு அது வந்து சேர ரொம்ப காலம் ஆனது. வந்தபோதும் ஊருக்குப் பொதுவாக ஒரு போன், அதுவும் பெரும்பாலும் தபால் ஆபீஸுக்குள்ளே. சாயங்காலம் தபால் ஆபீஸைப் பூட்டினால் போனையும் சேர்த்துத்தான் பூட்டுவார்கள். வலி என்னவோ ராத்திரிதான் வரும்.

1984இல் சி-டாட் நிறுவனத்தை அரசு தொடங்கியது. ஏசி இல்லாமல், நம்ம வெயிலையும் தூசியையும் தாங்குகிற மாதிரி 128 இணைப்புக் கிராம எக்ஸ்சேஞ்ச் ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். 1986இல் கர்நாடகாவின் கித்தூரில் முதலாவது ஓடியது. அதற்குப் பிறகுதான் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத்துகள் தெருத்தெருவாக முளைத்தன.

7/
எஸ்டிடி காலம் ஞாபகம் இருக்கா? ராத்திரி ஆக ஆகக் கட்டணம் குறையும். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் பூத்தில் கூட்டம் அம்மும். சிவகாசியில் பட்டாசுக்கு ஆர்டர் சொல்கிறவர், வெளிநாட்டில் இருக்கிற மகனிடம் பேசுகிற அம்மா, டாக்டரைப் பிடிக்கப் பார்க்கிறவர் என எல்லாரும் ஒரே வரிசை.

பூத்துக்காரர் அந்த வரிசையைச் சமாளிப்பார். "யப்பா, இவங்க வீட்டுல முடியலையாம், முதல்ல விடு" என்பார். எந்தச் சட்டமும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும், அவ்ளோதான்.

முகம் தெரியாத இடத்தில் இது எப்படி நடக்கும்? அதற்கு இங்கிலாந்தில் ஒரு தீ விபத்து தேவைப்பட்டது.

8/
1935 நவம்பர் 10, லண்டன் விம்போல் தெரு. டாக்டர்கள் நிறைய குடியிருந்த தெரு. அங்கே ஒரு சர்ஜன் வீட்டில் விடியற்காலை தீப்பிடித்தது. எதிர் வீட்டுக்காரர் போனை எடுத்துத் தீயணைப்புத் துறையைக் கேட்டார். எக்ஸ்சேஞ்ச் அவரை வரிசையில் நிறுத்தி வைத்தது. ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அவர் கோபத்தோடு பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விசாரணை வந்தது.

1937 ஜூன் 30 முதல் லண்டனில் 999 அமலுக்கு வந்தது. உலகின் முதல் அவசர எண் இதுதான் என்பார்கள். அதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. 999 சுழற்றினால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஊதல் அடிக்கும். ஆபரேட்டர் மற்ற அழைப்புகளை விட்டுவிட்டு இதை எடுக்க வேண்டும். பழைய ராத்திரி மணிதான், கம்பியில் கட்டியிருந்தார்கள்.

9/
நம்ம 108 அந்த வழியில் வந்ததுதான். 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கி 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. மருத்துவ ஆலோசனைக்கு 104. மனநல உதவிக்கு 2022 அக்டோபரில் வந்த டெலிமானஸ், எண் 14416.

கூடவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை ஷிஃப்ட் முறையில் போட்டு 24 மணி நேரம் ஓட வைத்ததும் நடந்தது. இதைப் பற்றி யாரும் பெரிசா பேசுவதில்லை. ராத்திரி பிரசவ வலியோடு வருகிறவருக்குக் கதவைத் திறக்க அங்கே ஒரு மனுசி இருந்தார். போனில் பதில் சொல்வதும், பதில் சொன்ன பிறகு போய்ச் சேர ஒரு இடம் இருப்பதும் இரண்டு தனித்தனி வேலை. இரண்டும் இருந்ததால்தான் உயிர்கள் பிழைத்தன.

10/
இனி பெட்டியின் கதை.

1966. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் என்ற கணினிப் பேராசிரியர் எலைசா என்ற நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதற்கு அவர் கொடுத்த பிரபலமான வேஷத்தின் பெயர் என்ன தெரியுமா? "டாக்டர்".

மனநல மருத்துவர் மாதிரி அது பேசும். "எனக்கு மனசு சரியில்லை" என்று தட்டினால், "மனசு சரியில்லாமல் எவ்வளவு நாளா இருக்கு?" என்று நம்ம வார்த்தையையே திருப்பிக் கேட்கும். உள்ளே புரிதல் என்று எதுவும் கிடையாது.

இது வெறும் நிரல் என்று தெரிந்த அவருடைய செயலாளரே, அதனோடு தட்டிக்கொண்டிருக்கும்போது அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் இதைப் பார்த்துப் பயந்தார். மீதி வாழ்நாளில் பெரும்பகுதியை இதைப் பற்றி எச்சரிப்பதிலேயே கழித்தார்.

11/
அதே காலத்தில் கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவருக்கு நேர் எதிரான எண்ணம். ஒரு கணினி மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்க முடியும் என்று 1966இலேயே அவரும் சகாக்களும் எழுதினார்கள். இன்றைக்குச் சாட்பாட் விற்கிற தம்பி சொல்வதும் இதேதான், தேதி மட்டும்தான் வேற.

1972இல் கோல்பி சந்தேக நோய் பிடித்த ஒரு நோயாளி மாதிரிப் பேசும் பாரி என்ற நிரலை எழுதினார். அதே வருஷம் பாரியையும் "டாக்டர்" நிரலையும் கம்பி வழியாக இணைத்துப் பேச விட்டார்கள். கணினி டாக்டரும் கணினி நோயாளியும் வரிக்கு வரி பேசிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஆளே இல்லை. பதில் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

12/
இது எப்போது கடைக்குள் வந்தது?

1990களின் நடுவில் வெப்சைட்டில் அரட்டைப் பெட்டி வைக்கும் கம்பெனிகள் வந்தன. அமெரிக்காவின் லைவ்பெர்சன் 1995இல் தொடங்கியது. முதலில் அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டியது மனிதர்கள்தான். ராத்திரிக்கு ஆள் போட முடியாதபோது பாட் வந்தது.

இதில் நமக்கும் பங்கு இருக்கு. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன ஃப்ரெஷ்வொர்க்ஸ், இரண்டுமே இந்தப் பெட்டியை உலகம் முழுக்க விற்கின்றன. ஏதோ வெளிநாட்டுக் கடையின் பெட்டி உங்களுக்கு "ஹலோ" சொன்னால், அதைச் செய்தது நம்ம ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

13/
ஆனால் மல்லாங்கிணறு மாதிரி ஊருக்கு உண்மையான சாட்பாட் வந்தது 2018 ஜனவரியில். அது வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். கடை மூடிய நேரத்தில் மெசேஜ் வந்தால், "இப்போது கடை மூடியிருக்கிறது, காலை 9 மணிக்கு மேல் பதில் தருகிறோம்" என்று தானாகப் போகும் வசதி அதில் இலவசமாகவே இருந்தது.

வெப்சைட் இல்லாத ஜவுளிக்கடையிலும் இது ஓடுகிறது. நிறைய பேருக்கு இதுவே போதும். காசு கொடுத்துப் பெட்டி வாங்கும் முன் இதை ஒழுங்காகப் போட்டீங்களா என்று பாருங்க.

14/
"ராத்திரி அப்படி யார் கேட்கப் போறா?" என்று நினைக்காதீங்க.

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவருக்கும் பட்டாசு ஆலைக்குப் போய் வருகிறவருக்கும் காட்டுவேலை முடிந்து வருகிற அக்காவுக்கும் போன் கையில் வருவது ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். துபாயில் இருக்கிற மகன் வேலை முடிந்து ரூமுக்கு வந்து ஒன்பது மணிக்கு, "அப்பா சுகர் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்டால் இங்கே மணி பத்தரை. அவர்களுடைய ஓய்வு நேரமும் உங்க கடை நேரமும் ஒன்றாக இருப்பதே இல்லை.

15/
பதில் தாமதமானால் என்ன ஆகும்? 2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு ஆய்வு வந்தது. 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு வெப்சைட் வழியாக விசாரணை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவை 37 சதவீதம். பதிலே சொல்லாதவை 23 சதவீதம்.

அதாவது நாலில் ஒரு பங்கு பேர் வாசலுக்கு வந்த ஆளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆக, பெட்டிக்குத் தேவை உண்மையிலேயே இருக்கு. அதை நான் மறுக்கவில்லை.

16/
இப்போது பெட்டி தடுக்கி விழுந்த இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

ஒன்று, 2022 நவம்பர். கனடாவில் பாட்டி இறந்துபோன ஒருவர் ஏர் கனடா வெப்சைட் பாட்டிடம் துக்கத்துக்கான கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். முதலில் டிக்கெட் வாங்குங்க, 90 நாளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது பாட். கம்பெனி விதியில் அப்படி இல்லை. பணம் கேட்டபோது கம்பெனி சொன்ன வாதம்: பாட் சொன்னதற்குப் பாட்டே பொறுப்பு, அது தனி ஆள் மாதிரி. தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. சுமார் 812 கனடா டாலர் கட்டச் சொன்னது.

கடையில் இருக்கிற பையன் சொன்ன விலைக்கு முதலாளி பொறுப்பு என்று நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெட்டிக்கும் அதே கணக்குதான்.

17/
இரண்டாவது, 2023. அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறு சங்கம் தன்னுடைய உதவித் தொலைபேசியை மூட முடிவு செய்தது. டெஸ்ஸா என்ற பாட் மட்டும் மிஞ்சப் போகிறது என்ற நிலை. சாப்பிடவே பயந்து உடல் நலிந்தவர்களுக்கு உதவ வேண்டிய அந்தப் பாட், எடையைக் குறைப்பது எப்படி என்று யோசனை சொல்வது வெளியே வந்தது. போன் மூடப்படும் நாளுக்கு முன்பே, மே மாதக் கடைசியில் பாட்டை எடுத்துவிட்டார்கள்.

மனிதரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்தால் இதுதான் நடக்கும். மனிதர் தூங்கும்போது சீட்டு எழுதி வைக்கத்தான் பெட்டி.

18/
இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனமா வாசிங்க.

கட்டுவிரியன் பாம்பு ராத்திரிதான் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பெரிய வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார். பிறகு கண் இமை சொருகும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும்.

அதிகாலை 4 மணிக்கு அவர் வீட்டில் இருந்து உங்க பெட்டிக்கு ஒரு மெசேஜ் வருகிறது என்று வையுங்க: "வயிறு வலிக்குது, தூக்கம் சொக்குற மாதிரி இருக்கு."

19/
பெட்டி என்ன சொல்லும்? "உங்கள் செய்திக்கு நன்றி. வயிற்று மருத்துவர் நாளை காலை 10 மணிக்கு இருப்பார். முன்பதிவு செய்யவா?"

திண்ணையில் படுத்திருந்த அந்தக் கம்பவுண்டர் பையன் என்ன கேட்டிருப்பான்? "ராத்திரி எங்கே படுத்திருந்தாரு? தரையிலயா?" அந்த ஒரு கேள்வியில் உயிர் இருக்கு.

அந்த மெசேஜில் "பாம்பு" என்ற வார்த்தையே இல்லை. "அவசரம்" என்ற வார்த்தையும் இல்லை. வார்த்தையைப் பிடித்து வேலை செய்கிற பெட்டிக்கு 999இன் சிவப்பு விளக்கு எரியாது. அதிலும் நம்ம மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், இல்லைன்னா வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள். பாதிப் பெட்டிகளுக்கு அது காதிலேயே விழாது.

20/
சட்டமும் இதில் தெளிவா இருக்கு. 2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாளில் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல், செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்கிறது. பதிவு பெற்ற டாக்டருக்கு அது துணையாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அதே மாசம் மத்திய அரசு வாட்ஸ்அப்பில் கொரோனா உதவி பாட் ஒன்றையும் விட்டது. அது தகவல் சொன்னது, உதவி எண்களைக் கொடுத்தது. பாட் செய்ய வேண்டிய வேலையின் எல்லை அதுதான்.

21/
அப்போ கடைக்காரர் என்ன செய்யலாம்?

✅ பேர், போன் எண், என்ன வேணும். இந்த மூணும் வாங்கினால் போதும்.
✅ "காலை 9.30க்குள் கூப்பிடுவோம்" என்று நேரம் சொல்லுங்க. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்க.
✅ விலை, சலுகை, ஸ்டாக் மாறினால் அன்றைக்கே பெட்டியிலும் மாற்றுங்க.
❌ பெட்டியை விலை பேச விடாதீங்க.
❌ மனிதர் மாதிரி பேர் வைத்து நடிக்க விடாதீங்க. "இது தானியங்கிப் பதில்" என்று முதல் வரியிலேயே இருக்கட்டும்.

22/
ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடைக்காரர் என்ன செய்யணும்?

✅ யார் என்ன தட்டினாலும், முதல் பதிலின் முதல் வரி இதுதான்: "உடம்புக்கு முடியாமல் இப்போது எழுதுகிறீர்கள் என்றால் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள்."
✅ அதற்குக் கீழே, ராத்திரி திறந்திருக்கும் பக்கத்து இடத்தின் பேரும் வழியும். நம்ம பக்கம் என்றால் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.
❌ அறிகுறி கேட்டு "இது கேஸ்தான்" என்று சொல்ல விடாதீங்க.
❌ நோய் விவரத்தை பெட்டியில் வாங்கிச் சேர்த்து வைக்காதீங்க. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. அது இல்லாவிட்டாலும், ஒருத்தர் வியாதி இன்னொருத்தர் கண்ணில் படக் கூடாது.

23/
வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பாம்புக்கடி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பால் குடிக்காத பச்சைக் குழந்தை... இதில் எதற்கும் எந்த ஆஸ்பத்திரியின் வாட்ஸ்அப்புக்கும் மெசேஜ் போட்டுவிட்டு இரண்டு நீல டிக் வருதான்னு பார்த்துக்கொண்டு உட்காராதீங்க. கிளம்புங்க. 108 வரும் வரை கடிபட்ட கை காலை அசைக்காமல் வைங்க. கட்டு இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ வேண்டாம்.

24/
கடை, ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்கள் இன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வேலை செய்யுங்க. வேறு ஒரு போனில் இருந்து உங்க பெட்டிக்கோ வாட்ஸ்அப்புக்கோ நீங்களே, "வயிறு வலிக்குது" என்று ஒரு மெசேஜ் போடுங்க. என்ன பதில் வருதுன்னு பாருங்க. அந்தப் பதிலை உங்க அம்மா படித்தால் என்ன செய்வாங்கன்னு யோசிங்க. சரியில்லைன்னா தூங்கப் போவதற்கு முன்னாடியே மாற்றிடுங்க.

கடைக்காரங்க, லேப் வைத்திருக்கிறவங்க யாராவது தெரிந்தால் இந்த இழையை அனுப்பி வையுங்க.